சனவ்பரின் கெண்டி

எங்கள் தெருவில் சனவ்பர் வீட்டுக் கதவைத் தட்டினால் எது கேட்டாலும் கிடைக்கும். கல்யாணத்துக்குப் பலாவ் கிண்டப் பெரிய அண்டா வேண்டுமா, தூக்கிக்கொண்டு போங்கள். தந்தூர் அடுப்பு சூடாக இருக்கிறதா, வந்து உங்கள் ரொட்டியையும் ஒட்டிக்கொள்ளுங்கள். கழுதை வேண்டுமா, முளையில்தான் நிற்கிறது, அவிழ்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் சமையலறை மாடத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பை இருக்கிறது. அதற்குள் இருக்கும் சுகர் மிஷினையும் விரலைக் குத்துகிற பேனாவையும் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டீர்களோ, தொலைந்தீர்கள்!

சனவ்பருக்கு நாற்பத்து நாலு வயது. எங்கள் ஊரான இஸ்ஃபராவில், தெருக்கோடியில் இருக்கும் ஆப்ரிகாட் பழம் உலர்த்தும் களத்துக்கு அவள்தான் தலைவி. ஜூலை மாதம் பழம் உலுக்கத் தொடங்கினால் பன்னிரண்டு பெண்கள் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். நாணல் தட்டிகளில் பழத்தைப் பிளந்து பரப்பும்போது ஒன்று கவிழ்ந்து கிடந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவளுக்குச் சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, நடுவில் விரலில் ஒரு குத்து.

தொடக்கத்தில் அவளும் எல்லோரையும் போலக் கூத்தடித்தவள்தான், அதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. மிஷினோடு கொடுத்த, ரத்தச் சொட்டை வைக்கிற ஸ்ட்ரிப்புகள் அசிங்கமான பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கின்றன, விருந்தாளி வந்தால் என்ன நினைப்பார்கள் என்று, அத்தனையையும் எடுத்து மூடியில்லாத பீங்கான் சர்க்கரைக் கிண்ணத்தில் போட்டு வைத்தாள்! ஒரு வாரத்தில் மிஷின் வாய்க்கு வந்ததை உளற ஆரம்பித்தது. கிளினிக் நர்ஸ் நிகோரா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, சர்க்கரையக் கண்டுபிடிக்கக் குடுத்தா, அதக் கொண்டுபோய்ச் சர்க்கரைக் கிண்ணத்துலயே வச்சுட்டீங்களே! காத்துப் பட்டா இது செத்துடும். டப்பாவுல இருக்கணும், எடுத்த கையோட மூடணும், தேதி முடிஞ்சா தூக்கிப் போடணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, புரிஞ்சுது. வெளிய போய்ச் சொல்லித் தொலைக்காத," என்றாள் சனவ்பர்.

நிகோரா சொல்லவில்லை. சனவ்பரே பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டாவது தப்புத்தான் அவளை அழ வைத்தது. அந்த வருஷக் களத்தில், பழம் பிளந்த கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு விரலைக் குத்தினாள். பத்தொன்பது என்று காட்டியது. எங்கள் பக்கத்து மிஷின்கள் சின்ன எண்தான் காட்டும். நாலுக்கும் பத்துக்கும் நடுவில் நின்றால் நிம்மதி, நாலுக்குக் கீழே போனால் ஆபத்து, பதினைந்தைத் தாண்டினால் அதுவும் ஆபத்து. பாவம், இரண்டு நாள் வெறும் பச்சைத் தேநீரைக் குடித்துக் கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் தள்ளாடிக்கொண்டு கிளினிக்குக்குப் போனால், நிகோரா முதல் காரியமாகக் குழாயைத் திறந்து அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். துடைத்து, குத்திப் பார்த்தால் ஆறு.

"பழச் சாறு விரல்ல இருந்தா மிஷின் உங்க ரத்தத்தையா பாக்கும்? பழத்தைத்தான் பாக்கும்," என்றாள் நிகோரா.

அன்றைக்கு வீடு திரும்பிய சனவ்பர், விருந்தாளிகளுக்குக் கை கழுவ ஊற்றுகிற செம்புக் கெண்டியை எடுத்து, மாடத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டினாள். பக்கத்தில் சோப்பு, ஒரு துண்டு. அன்று முதல் இந்த எட்டு வருஷமாகக் கெண்டித் தண்ணீர் விழாத விரலில் அவள் ஊசியை வைத்ததே இல்லை. விரல் நுனியின் நடுவில் குத்த மாட்டாள், பக்கவாட்டில்தான். ஒரு தடவை குத்திய ஊசியை மறுபடி தொட மாட்டாள். மூடியிட்ட பழைய எண்ணெய்ப் புட்டியில் போட்டு, நிறைந்ததும் கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுப்பாள். நோட்டில் எண்ணைக் குறிப்பாள். அந்த நோட்டைத்தான் நிகோரா மற்ற நோயாளிகளிடம் எடுத்துக் காட்டுவாள். சனவ்பருக்கு அதில் எத்தனை பெருமை தெரியுமா? கிளினிக்கில் யாராவது அந்த நோட்டைப் புரட்டினால், தன் பிள்ளையை யாரோ கொஞ்சுவது போல முகம் மலர்ந்து நிற்பாள்.

தெருவில்தான் அந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை.

எங்கள் பெண்கள் மாதம் ஒரு தடவை ஒருத்தி வீட்டில் கூடுவார்கள். விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து, தின்று, ஊர்வம்பு பேசி, பாட்டுப் பாடிக் கலைவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அது சனவ்பர் வீட்டு முறை. பேச்சு நோய்நொடிப் பக்கம் திரும்பியதும், எதிர்வீட்டு ரோஹத் கையை நீட்டினாள்.

"எங்கே, அந்த மிஷினக் கொண்டா சனவ்பர். எனக்கும் ஒரு குத்து குத்திப் பாரேன்."

"எனக்கும்," "எனக்கும்" என்று விரிப்பைச் சுற்றி விரல்கள் நீண்டன.

"அது மட்டும் முடியாதுக்கா," என்றாள் சனவ்பர். "ரத்தம் பட்ட பேனா. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். ஊசிய மாத்தினாக்கூட பேனாவுல ஒட்டியிருக்கும். ஒருத்தர் நோய் இன்னொருத்தருக்குப் போயிடும். கிளினிக்ல நிகோரா ஆளுக்கொரு புது ஊசி வச்சுப் பாத்துத் தருவா, காசு கேக்க மாட்டா. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

நீட்டிய விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. எங்கள் ஊரில் ஒரு தேநீர்க் கிண்ணம் பத்து வாய் சுற்றி வரும். ஒருத்தி நீட்டிய கையை வெறுமனே திருப்பி அனுப்புவது, முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். அப்போது வாயைத் திறந்தவள் மவ்லூதா. சனவ்பருடைய அண்ணன் சத்தோரின் மனைவி அவள். அந்தக் குடும்பத்துக்கு மூத்த மருமகளாக வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. அன்று முதல் நாத்தனாரை ஒரு படி கீழே வைத்தே பேசிப் பழகியவள்.

"விடுங்கடி. எங்க நாத்தனார் அண்டாவக் குடுப்பா, கழுதையக் குடுப்பா, கடுகத்தனை ஊசியக் குடுக்க மாட்டா. ஊசிக் கருமி!"

எல்லோரும் சிரித்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. ரொட்டிக் கடையில் ஊசிக் கருமி, வாய்க்கால் கரையில் ஊசிக் கருமி. சனவ்பர் வாயாடிதான், ஒன்று சொன்னால் இரண்டு திருப்பிக் கொடுப்பவள்தான். ஆனால் இந்தப் பேர் எங்கேயோ ஆழத்தில் தைத்தது. கூட்டத்தில் உட்கார்ந்தால் விரல் நுனிகளைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். வருஷக்கணக்கில் குத்தியதில் பொட்டுப் பொட்டாகக் கறுத்த விரல்கள் அவை.

அதற்கு அடுத்த வருஷம் சத்தோருக்கும் சுகர் வந்தது. அவருக்கு மாத்திரை போதவில்லை, இன்சுலின் ஊசியே போடச் சொல்லிவிட்டார்கள். அவருக்கும் ஒரு மிஷின் வந்தது. வந்த மறு மாதமே மவ்லூதா அதைக் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். வரிசையாகப் பதினோரு விரல்கள். ஒரே பேனா, ஒரே ஊசி. குத்திக் குத்தி எண்ணைச் சத்தமாக வாசித்தாள். பெண்கள் கைதட்டினார்கள்.

"அண்ணி, வேண்டாம் அண்ணி. அந்த ஊசியத்தான் அண்ணன் விரல்லயும் வைக்கப் போறீங்க," என்று சனவ்பர் எழுந்தே விட்டாள்.

"பாரேன்! தானும் குடுக்க மாட்டா, குடுக்கிறவ கையையும் தட்டி விடுவா," என்றாள் மவ்லூதா. ரோஹத் வாயைப் பொத்திச் சிரித்தாள். சனவ்பர் தேநீரைக்கூட முடிக்காமல் வெளியே வந்தாள். கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். நாங்கள் பார்த்தோம். அதன் பிறகும் மாதா மாதம் அந்த மிஷின் கூட்டத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

போன ஜூலையில் நடந்ததுதான் இனி நான் சொல்லப் போவது.

அன்றைக்குப் பழம் உலுக்குவது சத்தோரின் முறை. விடியற்காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, ஒரு வாய் ரொட்டியோடு மரம் ஏறியவர், பழம் கனிந்து கொட்டுகிற உற்சாகத்தில் மதியச் சாப்பாட்டை மறந்தே போனார். மூன்று மணி வாக்கில் இறங்கி வந்து களத்துக் கட்டிலில் உட்கார்ந்தார். முகம் வெளிறி, கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வாய்க்கால் ஓர நிழல் அது, காற்று வேறு நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது.

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று மவ்லூதா ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா தொணதொணன்னு... என் தொப்பிய எவ எடுத்தா?" என்று எரிந்து விழுந்தார். தொப்பி தலையில்தான் இருந்தது.

மவ்லூதா மிஷினை எடுத்தாள். சுத்தத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது என்று காட்டுவது போல, பஞ்சைச் சென்ட் தண்ணீரில் நனைத்து அவர் விரலை அழுத்தித் துடைத்தாள். குத்தினாள். மிஷின் கூவியது.

"ஐயோ, இருபத்து மூணு!"

பன்னிரண்டு பெண்களின் கையும் நின்றுபோனது. மவ்லூதா இன்சுலின் குப்பியைத் திறந்து ஊசியில் ஏற்றத் தொடங்கினாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அவளிடம் இருந்தது. இருபதுக்கு மேல் போனால் இத்தனை அளவு கூடுதலாகப் போடு என்று அதில் எழுதியிருந்தது. அவள் சீட்டைத் தப்பாகப் படிக்கவில்லை. இதை அவளுக்காகச் சொல்லியே ஆக வேண்டும்.

தட்டிகளின் அந்தப் பக்கத்திலிருந்து சனவ்பர் அண்ணனைப் பார்த்தாள். வேர்வை, விரல் நடுக்கம், தலையில் இருக்கும் தொப்பியைத் தேடும் பேச்சு. இதெல்லாம் சர்க்கரை இறங்குகிறவனின் கோலம். மிஷினோ வானத்துக்கு ஏறியிருக்கிறது. எண்ணும் ஆளும் ஒத்துப்போகவில்லை. சர்க்கரை இறங்கியவனுக்கு மேலே இன்சுலின் ஏறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தட்டிகளைத் தாண்டி ஓடி வந்தாள்.

"அண்ணி, நிறுத்துங்க! அந்த ஊசியப் போடாதீங்க!"

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? இருபத்து மூணு, கண்ணு தெரியலையா உனக்கு?"

"அது பழம் அண்ணி! காலையிலேர்ந்து பழத்துலயே இருந்த கை. சென்ட் தண்ணிக்கு அதெல்லாம் போகாது. ஒரே ஒரு கெண்டித் தண்ணி ஊத்திப் பாக்கிறேன். அப்பவும் இருபத்து மூணு வந்தா நீங்களே போடுங்க. இந்தத் தெருவே என் மூஞ்சியில துப்பட்டும்."

"என் புருஷன் சாகக் கிடக்கிறாரு, இவ தண்ணி ஊத்தி விளையாடப் போறாளாம்! தள்ளு!"

சனவ்பர் விலகவில்லை. அண்ணனுக்கும் ஊசிக்கும் நடுவில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அவர் உங்களுக்குப் புருஷன்னா எனக்கு ஒரே அண்ணன். ரெண்டு நிமிஷம் குடுங்க அண்ணி. வெறும் ரெண்டே நிமிஷம்."

மவ்லூதா ஊசியைப் பிடித்தபடி நின்றாள். ஒரு பெண் அதற்குள் களத்துக் கெண்டியைக் கொண்டு வந்துவிட்டாள். சனவ்பர் அண்ணனின் கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினாள், சோப்புத் தேய்த்தாள், நக இடுக்கைத் தேய்த்தாள், மறுபடி ஊற்றினாள். மஞ்சள் தண்ணீராக வழிந்தது. துண்டால் ஈரம் போகத் துடைத்தாள்.

அடுத்து அவள் செய்ததை ரோஹத் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறாள். பதினோரு பேர் ரத்தம் பார்த்த அந்தப் பேனாவைச் சனவ்பர் தொடவே இல்லை. தன் பாவாடைப் பையிலிருந்து மூடி திருகாத புது ஊசி ஒன்றை எடுத்தாள். ஊசிக் கருமி, தன் சொந்த ஊசியை எடுத்து, மூடியைத் திருகி, அண்ணன் விரலின் ஓரத்தில் வைத்தாள்.

மிஷின் ஐந்து விநாடி எடுத்துக்கொண்டது. இரண்டு புள்ளி ஏழு.

மவ்லூதா ஊசி பிடித்த கையைக் கீழே இறக்கினாள்.

"தேத்தண்ணி! நாலு கரண்டி சர்க்கரை போட்டு! சூடா வேண்டாம், குடிக்கிற பதத்துல!" என்று சனவ்பர் கத்தினாள். "அண்ணே, என்னப் பாருங்க. முழுங்க முடியுதா? மெதுவா முழுங்குங்க. ம், இன்னொரு வாய்."

அவர் குடித்தார். "இனிப்பா இருக்கே, எனக்கு ஆகாதே," என்று குழந்தையைப் போல முனகினார்.

"இன்னிக்கு ஆகும். குடிங்க."

கால் மணி நேரம் யாரும் இடத்தைவிட்டு நகரவில்லை. மறுபடி கெண்டி, மறுபடி புது ஊசி. மூன்று புள்ளி ஆறு. இன்னொரு கிண்ணம் தேநீர். இன்னும் கால் மணி நேரம் போனது. ஐந்து. சத்தோர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "ஏன் எல்லாரும் செத்த வீடு மாதிரி நிக்கிறீங்க? பழம் வீணாப் போகுது பாரு," என்றார். அதைக் கேட்டதும் சனவ்பர் தட்டிமேல் கிடந்த பழங்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். யாரோ ரொட்டியைப் பிட்டு அவர் கையில் வைத்தார்கள்.

மவ்லூதா கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தாள். ஏற்றிய இன்சுலின் ஊசி இன்னும் அவள் கையில் இருந்தது. சாயங்காலம் அதை எடுத்துப் பத்திரமாக எறிந்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் தெருப் பெண்கள் எல்லோரும் வாயைப் பிளந்தோம். மவ்லூதா வீடு வீடாக ஏறி இறங்கினாள். தான் குத்திய பதினோரு பேரையும் கூட்டிக்கொண்டு கிளினிக் வாசலில் நின்றாள். "இவங்க எல்லாருக்கும், எங்க வீட்டுக்காரருக்கும் ரத்தம் பாருங்க. ஒரே ஊசியில குத்தினது நான்தான். முதல்ல என்னப் பாருங்க," என்று நிகோராவிடம் சொன்னாள். அந்தப் பெருமைக்காரி அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லக் கேட்டபோது, எனக்கு அவள்மேல் இருந்த பழைய கோபமெல்லாம் கரைந்து போனது. முதல் சோதனையில் யாருக்கும் ஒன்றும் இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று நிகோரா சொன்னாள். அந்த மூன்று மாதமும் மவ்லூதா சரியாகச் சாப்பிடவில்லை. அக்டோபரில் இரண்டாவது சோதனை. எல்லோருக்கும் சுத்தம். அந்த வாரமே அவள் வீட்டில் கூட்டம்.

சனவ்பர் கடைசியில் வந்து, வழக்கம் போல வாசலோரம் ஒதுங்கி உட்காரப் போனாள். மவ்லூதா அவள் தோளைப் பிடித்து, கதவுக்கு எதிரே, மூத்தவர்கள் உட்காரும் மேலிடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். ரோஹத்துக்குப் பழக்கதோஷம், விரலை நீட்டி, "எங்கே மவ்லூதா, மிஷின்?" என்று கேட்டு வைத்தாள்.

"கிளினிக்குக்குப் போ. என் வீட்டுக்காரர் பேனா என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான்," என்றாள் மவ்லூதா.

"அடியாத்தி, ஊருக்குள்ள ரெண்டாவது கருமி!" என்றாள் ரோஹத். வீடே சிரித்தது. சனவ்பரும் சிரித்தாள்.

விருந்துக்கு முன் கை கழுவும் நேரம் வந்தது. எங்கள் ஊரில் சின்னவர்கள்தான் பெரியவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மவ்லூதா வீட்டில் அது அவள் மருமகளின் வேலை. மவ்லூதா இந்த இருபத்தெட்டு வருஷத்தில் நாத்தனார் கைக்கு ஒரு சொட்டு ஊற்றியதில்லை. மருமகள் கெண்டியோடு குனிந்தபோது மவ்லூதா அதைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். சனவ்பருக்கு முன்னால் வந்து, முழங்கால் மடக்கி உட்கார்ந்தாள்.

சனவ்பர் பதறிப் போனாள். "ஐயோ அண்ணி, நீங்க எதுக்கு? விடுங்க, நான் ஊத்திக்கிறேன்."

"பேசாம கைய நீட்டு," என்றாள் மவ்லூதா. "என் புருஷன் கைக்கு நீ ஊத்தின இல்ல."

ஒன்று சொன்னால் இரண்டு திருப்பிக் கொடுக்கிற சனவ்பர் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, பொட்டுப் பொட்டாகக் கறுத்த பத்து விரல்களையும் எல்லோரும் பார்க்க விரித்து நீட்டினாள். மவ்லூதா ஊற்றினாள்.